மன்னிப்பு நீதிக்கு மாற்றாகுமா?

(யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தவ இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பகைவரை மன்னித்தல் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்திருக்கின்றீர்கள். குருமார் பேசவேண்டிய பொருளை ஒரு நியாயவாதியிடம் ஒப்படைத்தது ஏன் என்று சிலர் வியக்கக்கூடும். ஆனால் மன்னிப்பு என்னும் சொல் இன்று தேவாலயத்தினுள்ளே மட்டும் வழங்கும் சொல் அன்று. அரசியல் மேடைகளிலும் ஆணைக்குழுக்களின் முன்னிலையிலும் அது அடிக்கடி ஒலிக்கின்றது. நடந்ததை மறந்துவிடுங்கள், மன்னித்துவிடுங்கள், முன்னே செல்லுங்கள் என்று தமிழ் மக்களுக்கு உபதேசம் செய்யப்படுகின்றது. கேட்பவர் கிறிஸ்தவராயின், "உங்கள் வேதமே இதைத்தானே சொல்கின்றது?" என்ற கேள்வியும் கூடவே வந்து சேர்கின்றது. ஆகவே வேதம் சொல்வது எது, அதிகாரத்தில் இருப்பவர் சொல்ல விரும்புவது எது என்று பிரித்தறியவேண்டிய கடமை நமக்கு உண்டு.

நமது முடிவை முதலிலேயே கூறிவிடுகின்றோம். மன்னிப்பு துன்புற்றவரின் சொத்து. நீதி அரசின் கடன். சொத்துக்குரியவர் தமது சொத்தைத் தாம் விரும்பியவருக்கு வழங்கலாம். அந்தத் தானத்தைக் காட்டித் தன் கடன் தீர்ந்துவிட்டதென்று அரசு சொல்ல முடியாது.

இதனை வெறும் வாதமாக விடாது, பிள்ளைப் பருவத்திலே கொடுமைக்கு ஆளாகி, கிறிஸ்தவ விசுவாசத்தினால் மன்னிக்கும் வலிமை பெற்ற இருவரின் வரலாற்றை வைத்து ஆராய்வோம். அதன்பின் நமது நாட்டுக்கு வருவோம்.

நியூ ஓர்லியன்ஸ் நகரத்துச் சிறுமி

நிறத்தைக் காரணமாகக் கொண்டு பிள்ளைகளை வெவ்வேறு பாடசாலைகளிற் பிரித்து வைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1954ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், மிசிசிப்பி மாநிலத்தில் ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் றூபி பிறிட்ஜஸ் என்னும் பெண் குழந்தை பிறந்தது. தீர்ப்பும் குழந்தையும் ஒரே ஆண்டிற் பிறந்தன. குழந்தை நடை பழகிப் பாடசாலை செல்லும் பருவத்தை அடைந்தது. தீர்ப்போ அதுவரையில் நியூ ஓர்லியன்ஸ் நகரப் பாடசாலைகளின் வாயிற்படியைத் தாண்டவில்லை.

அந்நகரிற் குடியேறியிருந்தது றூபியின் குடும்பம். அங்குள்ள கறுப்பினப் பெற்றோருக்காக ஏ. பி. ரியூரோ என்னும் கறுப்பின நியாயவாதி 1952ஆம் ஆண்டிலேயே வழக்குத் தொடுத்திருந்தார். சமஷ்டி நீதிபதியான ஸ்கெல்லி றைற் என்பார் பாடசாலைகளின் கதவைத் திறக்குமாறு கட்டளையிட்டார். லூயிசியானா மாநிலச் சட்டசபை அக்கட்டளையை முறியடிக்கச் சட்டத்தின்மேற் சட்டமாக இயற்றியது. நீதிபதி அச்சட்டங்களைச் செல்லாதனவாக்கினார். பெரும்பான்மையினரின் சட்டசபை சிறுபான்மையினரின் உரிமையைச் சட்டத்தின் பெயராலேயே பறிக்க முனையும் என்பதைத் தமிழ் பேசும் மக்களாகிய நாம் அமெரிக்கச் சரித்திரத்திலிருந்து கற்கவேண்டியதில்லை.

1960ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 14ஆம் நாள் காலை, ஆறு வயதுச் சிறுமி றூபி, நான்கு சமஷ்டி காவல் அதிகாரிகள் சூழ்ந்துவர, வில்லியம் பிறான்ஸ் ஆரம்பப் பாடசாலைக்குச் சென்றாள். அன்றைய தினமே வேறு மூன்று கறுப்பினச் சிறுமியர் மற்றொரு பாடசாலைக்குச் சென்றனர். றூபியோ தன் பாடசாலையில் தன்னந்தனியள். வாயிலிலே வெள்ளையர் கூட்டம் திரண்டு நின்று கூச்சலிட்டது. அக்கூட்டத்திற் பெண்களும் தாய்மாரும் இருந்தனர். ஒருத்தி நஞ்சூட்டிக் கொல்வதாக மிரட்டினாள். அதன்பின் வீட்டிலிருந்து கொண்டுவந்த உணவைத் தவிர வேறெதையும் உண்ணக் காவலர் அவளை அனுமதிக்கவில்லை. வேறொருத்தி கறுப்புப் பொம்மையொன்றைச் சிறிய சவப்பெட்டியில் வைத்துத் தூக்கிக் காட்டினாள். வெள்ளைப் பெற்றோர் தம் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து அழைத்துச் சென்றுவிட்டனர். பொஸ்ரன் நகரிலிருந்து வந்த பார்பறா ஹென்றி என்னும் வெள்ளை ஆசிரியை ஒருவரே அவளுக்குக் கற்பிக்க முன்வந்தார். அந்த ஆண்டு முழுவதும் ஒரு வகுப்பறை, ஓர் ஆசிரியை, ஒரு மாணவி!

கொடுமை பாடசாலை வாயிலோடு நின்றுவிடவில்லை. எரிபொருள் நிலையத்தில் வேலை செய்த தந்தையார் வேலையினின்றும் நீக்கப்பட்டார். மிசிசிப்பியில் வாரத்துக்கு நிலம் உழுத பாட்டனும் பாட்டியும் அந்நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டனர். வழக்கமாகப் பொருள் வாங்கிய கடையிலும் குடும்பத்துக்குப் பொருள் மறுக்கப்பட்டது. சிறுபான்மையினர் ஒருவர் தலைநிமிர்ந்தால் அவரின் சுற்றத்தாரின் வயிற்றிலடிப்பது எல்லா நாட்டு ஆதிக்கக்காரரும் அறிந்த உபாயம்.

அச்சிறுமிக்கு உதவ வந்த உளநோய் மருத்துவர் றொபேட் கோள்ஸ் அவளது வாழ்விலிருந்து ஒரு சம்பவத்தை உலகறியச் செய்தார். ஒருநாட் காலை றூபி அக்கூட்டத்தின் முன்னே நின்றுவிட்டாள். அவளின் உதடுகள் அசைந்தன. சன்னலூடாகக் கண்ட ஆசிரியை, கூட்டத்தாரோடு என்ன பேசினாய் என்று பின்னர் வினவினார். அவர்களோடு தான் பேசவில்லை என்றும், அவர்களுக்காகச் செபித்ததாகவும் சிறுமி விடையிறுத்தாள். பாடசாலைக்கு வருமுன் அவர்களுக்காகச் செபிப்பது அவளது வழக்கம். அன்று மறந்துவிட்டதனால் அவ்விடத்திலேயே செபித்தாள். செய்வது இன்னதென்று அறியாத அவர்களை மன்னிக்கவேண்டும் என்பதே அவளின் வேண்டுதல். சிலுவையிலே கிறிஸ்துநாதர் தம்மைக் கொன்றவர்களுக்காக எதை வேண்டினாரோ, அதையே அந்த ஆறு வயதுக் குழந்தை நியூ ஓர்லியன்ஸ் தெருவிலே வேண்டி நின்றாள்.

அன்பர்களே, இச்சம்பவத்தைக் கேட்டுக் கண்கலங்குவது எளிது. அதனை ஆராய்ந்து பார்ப்பதே நம் கடமை.

முதலாவதாக, அவள் செபித்தது பாடசாலைக்குச் செல்லும் வழியில். வீட்டுக்குத் திரும்பி ஓடும் வழியில் அன்று. மன்னிக்குமாறு வேண்டிய அதே கணத்தில் அவளின் கால்கள் தனக்குரிய வகுப்பறையை நோக்கியே நடந்தன. நீங்கள் விரும்பாதபடியால் நான் வரவில்லை என்று அவள் சொல்லவில்லை. உரிமையை விட்டுக்கொடுப்பது வேறு, மன்னிப்பது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எது?

இரண்டாவதாக, அவளின் பக்கத்திலே நான்கு காவலர் நின்றனர். அவர்களின் பின்னே ஒரு நீதிமன்றக் கட்டளை இருந்தது. "குழந்தை மன்னித்துவிட்டாள், ஆகையால் கட்டளையை நீக்கிவிடுகின்றேன்" என்று நீதிபதி சொல்லியிருந்தால் அவரை என்னவென்று அழைத்திருப்போம்? குழந்தையின் செபம் அவளின் ஆன்மாவைப் பகையினின்றும் காத்தது. நீதிபதியின் கட்டளை அவளின் உயிரையும் உரிமையையும் காத்தது. இரண்டும் வேண்டியிருந்தன.

மூன்றாவதாக, மன்னித்தமையால் அவளின் காயம் இல்லாமற் போய்விடவில்லை. இரவிலே கனவு கண்டு அஞ்சினாள். மதிய உணவை உண்ணாமல் வகுப்பறை அலுமாரியில் ஒளித்துவைத்தாள். மன்னித்தவளுக்கும் மருத்துவர் தேவைப்பட்டார். மன்னித்த பின்னும் ஏன் அழுகின்றாய் என்று நமது தாய்மாரைக் கேட்பவர்கள் இதனைச் சிந்திக்கவேண்டும்.

இன்னுமொன்று. அந்நகரம் தேவாலயங்கள் நிறைந்த நகரம். கறுப்பினத்தவரை எதிர்த்தவர்களும் கிறிஸ்துவின் நாமத்தையே உச்சரித்தனர். தன் மகளோடு அக்கூட்டத்தின் நடுவே நடந்து சென்று அதே பாடசாலையில் அவளை விட்ட மெதடிஸ்த போதகர் லொயிட் போர்மனும் கிறிஸ்தவரே. 1962ஆம் ஆண்டில் கத்தோலிக்கப் பாடசாலைகளில் இரு நிறத்தாரையும் சேர்க்க முற்பட்ட அதிமேற்றிராணியார் றம்மல், அதனைப் பகிரங்கமாக எதிர்த்த மூவரைச் சபைக்குப் புறம்பாக்கினார். மன்னிப்பைப் போதிக்கும் திருச்சபைதானும், மனந்திரும்பாதவரைப் பார்த்து "நீ செய்வது தவறு" என்று சொல்ல அஞ்சவில்லை.

எரிகுண்டுக்குத் தப்பிய சிறுமி

அடுத்து நமக்கு நெருக்கமான ஆசிய நாடொன்றுக்கு வருவோம். 1972ஆம் ஆண்டு யூன் மாதம் 8ஆம் நாள், வியட்நாமின் ட்ராங் பாங் கிராமத்தின்மீது தென்வியட்நாம் விமானம் ஒன்று நேபாம் எரிகுண்டுகளை வீசியது. ஆடைகள் எரிந்துபோக, அலறியவாறு வீதியில் ஓடிவந்த ஒன்பது வயதுச் சிறுமியின் படத்தை உலகமெல்லாம் கண்டது. அவளே கிம் பூக். 14 மாதங்கள் மருத்துவமனையிற் கிடந்தாள். 17 அறுவைச் சிகிச்சைகளுக்கு உட்பட்டாள்.

போர் முடிந்தபின்னும் அவளுக்கு விடுதலை கிடைக்கவில்லை. மருத்துவம் கற்க விரும்பிய அவளைப் புதிய அரசு தன் பிரசாரத்துக்குக் காட்சிப் பொருளாக்கியது. ஒரு தரப்பினர் அவள் உடலை எரித்தனர். மறு தரப்பினர் அவளின் துயரத்தை உடைமையாக்கினர். மனம் கசந்து, ஏன் உயிர் தப்பினோம் என்று ஏங்கியிருந்த காலத்திலே, 1982ஆம் ஆண்டில், நூலகமொன்றிற் கிடைத்த புதிய ஏற்பாட்டைப் படித்துக் கிறிஸ்தவ விசுவாசத்தைத் தழுவினாள். காவோ தாய் சமயத்திற் பிறந்து வளர்ந்தவள் அவள். பகைவருக்காகச் செபிக்கவேண்டும் என்ற கட்டளை தனக்கு எத்துணை கடினமாக இருந்தது என்பதையும் அவள் மறைத்ததில்லை. பின்னர், 1992ஆம் ஆண்டில், பயணத்தின் இடைவழியிலே கனடாவின் கண்டர் விமான நிலையத்தில் இறங்கி அந்நாட்டில் அடைக்கலம் புகுந்தாள்.

1996ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 11ஆம் நாள், வாஷிங்டன் நகரில் வியட்நாம் போர் வீரர் நினைவுச் சின்னத்தின் முன்னே, முன்னாட் போர்வீரரிடையே நின்று அவர் உரையாற்றினார். குண்டு வீசியவரை நேரிற் கண்டால், கடந்ததை மாற்ற முடியாது, இனியேனும் சமாதானத்துக்கு உழைப்போம் என்று சொல்வேன் என்னும் கருத்தில் அவர் பேசினார். மன்னித்தார்; ஆனால் மறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடியே, நாளும் இடமும் சொல்லி, வடுவோடு முன்னே நின்று மன்னித்தார். அவர் மன்னிக்க 24 ஆண்டுகள் சென்றன. அந்த 24 ஆண்டுகளில் எந்த அரசுக்காவது "சீக்கிரம் மன்னித்துவிடு" என்று அவரை விரட்டும் உரிமை இருந்ததா? இல்லை. மன்னிப்பு கேட்டுப் பெறும் வரி அன்று. கொடுப்பவர் கொடுக்கும்போது மட்டுமே அது மன்னிப்பாகும்.

வேதமும் குறளும்

வேதத்தை நமக்கெதிராகக் காட்டுபவர்கள் அதனை முழுமையாக வாசிக்கட்டும். சகேயு என்னும் வரி சேகரிப்பவன் மனந்திரும்பியபோது, தான் அநியாயமாக எடுத்ததை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். நட்டஈடு இல்லாத மனந்திரும்புதலை அவன் அறிந்திருக்கவில்லை. அப்போஸ்தலனாகிய பவுலை விசாரணையின்றிப் பிலிப்பி நகரிலே அடித்துச் சிறையிலிட்டனர். சிறைக் காவலன் தற்கொலை செய்ய முயன்றபோது அவனைத் தடுத்துக் காத்தவர் அதே பவுல். மறுநாள் இரகசியமாக அவரை விடுவிக்க அதிகாரிகள் முயன்றபோதோ, உரோமக் குடிமகனாகிய தம்மைப் பகிரங்கமாக அடித்தவர்கள் தாமே நேரில் வந்து வெளியே அழைத்துச் செல்லவேண்டும் என்று வற்புறுத்தினார். தனி மனிதனிடத்தில் இரக்கம். அதிகாரத்திடம் சட்டப்படியான கணக்கு. இதுவே பவுலின் வழி.

நமது வள்ளுவப் பெருந்தகையும் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தார். பொறையுடைமையை அவர் அறத்துப்பாலில், இல்லறத்தானுக்கு உரிய அதிகாரமாக வைத்தார். செங்கோன்மையைப் பொருட்பாலில், ஆள்பவனுக்கு உரிய அதிகாரமாக வைத்தார். பொறுத்தல் குடிமகனின் பெருமை. முறை செய்தல் அரசனின் தொழில். குடிமகனின் பெருமையைக் காட்டி அரசன் தன் தொழிலைக் கைவிடலாம் என்று குறளில் எங்கும் இல்லை.

அரசு தனக்குத் தானே வழங்கிய மன்னிப்பு

இந்த நாட்டில் நடந்தது என்ன? 1977ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் தமிழ் மக்கள் தாக்கப்பட்டார்கள். 1982ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க நட்டோத்தரவாதச் சட்டம், அம்மாதத்திலே சட்டத்தையும் ஒழுங்கையும் நிலைநாட்டுவதற்கென நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டனவாகக் கொள்ளப்படும் செயல்களுக்காக அமைச்சர்மீதோ உத்தியோகத்தர்மீதோ வழக்குத் தொடரலாகாது என்று விதித்தது. 1988ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட திருத்தம் அப்பாதுகாப்பை அவ்வாண்டு டிசெம்பர் மாதம் 16ஆம் நாள் வரைக்கும் நீட்டியது. 1983 ஆடி மாதக் கொடுமையும் அக்காலப் பகுதிக்குள்ளேயே அடங்குகின்றது.

அடிபட்டவனைக் கேட்காமல், விதவையைக் கேட்காமல், பாராளுமன்றத்திலே கையுயர்த்தி அரசு தன் ஆட்களுக்குத் தானே வழங்கிய விடுதலை இது. இதற்கு மன்னிப்பு என்று பெயரிடுவது அச்சொல்லுக்கே இழுக்கு. பிறருடைய சொத்தைத் தானம் செய்பவனைச் சட்டம் கொடையாளி என்று சொல்லாது.

மட்டக்களப்பு காட்டிய வழி

2019ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகியவற்றிலும் கொழும்பு நட்சத்திர விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்பிலே, ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே வந்திருந்த பிள்ளைகள் அக்குண்டுக்குப் பலியாயினர். தப்பிய பிள்ளைகள் உடலிலும் உள்ளத்திலும் காயத்தோடு வளர்ந்து வருகின்றனர். நியூ ஓர்லியன்ஸும் ட்ராங் பாங்கும் நமக்குத் தூரத்துக் கதைகள் அல்ல.

மறு ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று, தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்று கர்தினால் மல்கம் றஞ்சித் ஆண்டகை அறிவித்தார். அவ்வளவோடு திருச்சபை வாய்மூடி இருந்ததா? இல்லை. 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அதே கர்தினாலின் அழைப்பின்பேரிற் கறுப்பு ஞாயிறு அனுட்டிக்கப்பட்டது. உண்மை வெளிவரவேண்டும் என்று வற்புறுத்தப்பட்டது. உயிரிழந்த பிள்ளைகளின் பெற்றோரும் குருமாரும் நியாயவாதிகளும் உயர் நீதிமன்றம் சென்றனர். ஏழு நீதியரசர் அடங்கிய ஆயம் 2023ஆம் ஆண்டு சனவரி மாதம் 12ஆம் நாள், முன்னறிவித்தல் கிடைத்திருந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியமையால் மக்களின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்தது. முன்னாட் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபாய் நட்டஈடு செலுத்தவேண்டும் என்றும், வேறு சில உயர் அதிகாரிகளும் செலுத்தவேண்டும் என்றும் கட்டளையிட்டது.

மன்னித்தவர்களே வழக்காடினார்கள். அவர்களை எவரும் வேதத்துக்கு முரணானவர் என்று சொல்லவில்லை. தென்னிலங்கைக் கிறிஸ்தவருக்குப் பொருந்தும் இந்த நியாயம், காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக 2017ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 20ஆம் நாள் கிளிநொச்சியிலே அமர்ந்த தாய்மாருக்கு மட்டும் ஏன் பொருந்தாது? பிள்ளை எங்கே என்று கேட்பது பழிவாங்கலா? யாரை மன்னிப்பது, எதை மன்னிப்பது என்று தெரியாதிருக்கும் தாயிடம் மன்னிப்பைக் கேட்பது, எழுதாத உறுதியிற் கையொப்பம் கேட்பது போன்றதே.

நமது பாரம்பரியம்

இவ்வழி நமக்குப் புதியதும் அன்று. கிறிஸ்தவரான தந்தை செல்வநாயகம் அவர்கள், பெரும்பாலும் சைவர்களான ஒரு மக்களுக்குத் தலைமை தாங்கியபோது, 1956ஆம் ஆண்டு யூன் மாதம் 5ஆம் நாள் காலிமுகத்திடலிலே சத்தியாக்கிரகிகள் காடையராற் தாக்கப்பட்டனர். அடிபட்டவர் திருப்பி அடிக்கவில்லை. ஆனால் மொழியுரிமைக் கோரிக்கையையும் கைவிடவில்லை. 1961ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 20ஆம் நாள் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன்னே நம்மவர் அமர்ந்தபோது, அமெரிக்காவிலே சிறுமி றூபி தன் முதலாண்டுப் படிப்பைத் தனியொருத்தியாக நடத்திக்கொண்டிருந்தாள். ஒருவரையொருவர் அறியாத இவ்விரு திறத்தாரும் ஒரே பாடத்தையே உலகுக்குக் கற்பித்தனர்: பகையை நெஞ்சினின்றும் அகற்று, உரிமையைக் கையினின்றும் நழுவவிடாதே.

இளைஞர்களே, உங்களுக்கு மூன்று பணிகள் உண்டு. துன்புற்றவர்களை மன்னிக்குமாறு வற்புறுத்தாதீர்கள். அவர்களோடு அமர்ந்து செவிகொடுங்கள். முதியோர் மறைவதற்கு முன் அவர்கள் கண்டதை நாள், இடம், பெயரோடு எழுதி வையுங்கள். சாட்சியம் இல்லாத இடத்தில் நீதிபதியாலும் ஒன்றும் செய்ய இயலாது. நமது சமூகத்துக்குள்ளே நாமே பிறருக்கு இழைத்த கொடுமைகளையும் அதே ஏட்டில் எழுதுங்கள். சாதியின் பெயரால் தேநீர்க்கடையிலும் ஆலய வாயிலிலும் தடுக்கப்பட்ட பிள்ளைகளும், 1990ஆம் ஆண்டில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளே. பிறரிடம் கணக்குக் கேட்பவன் தன் கணக்கையும் திறந்து வைக்கவேண்டும்.

மன்னிக்கும் ஆற்றலை உங்களுக்கு ஆண்டவர் அருள்வாராக. அது உங்களுடையது, எவரும் அதனைப் பறிக்கவோ விலைபேசவோ இடங்கொடாதீர்கள். நீதியோ நம் எல்லோருக்கும் உரிய கடன். அது வட்டியோடு நிலுவையில் நிற்கின்றது. அறவழியில் நின்று, அது தீரும்வரை கேட்டுக்கொண்டேயிருப்போம்.